செம்பூர் வரை

ஒரே கைடை நான் மூன்று முறை வாங்கியிருக்கிறேன். முதலில் வாங்கியதை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் இரண்டாவது. பாடத்திட்டம் மாறிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்றாவது. பாடத்திட்டம் மாறவில்லை, அட்டைதான் மாறியிருந்தது. மூன்றிலும் முதல் அத்தியாயத்தில் மட்டும் ஸ்கேல் வைத்து அழகாகப் பென்சில் கோடு போட்டிருப்பேன். மூன்றிலும் அதே வரிகள்.

எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் க்ளார்க்காக இருப்பவர்கள் ஆபீசர் ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஐம்பது வயது ஆகிவிட்டால் எழுத முடியாது. நான் முப்பதுகளிலேயே எழுதுவதாக இருந்தேன். பையன் ஸ்கூலில் சேரட்டும் என்று தள்ளினேன். அவன் பத்தாவது முடிக்கட்டும் என்றேன். அவன் காலேஜுக்கே போய்விட்டான். நடுவில் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டு, ஹால் டிக்கெட் வரைக்கும் வாங்கிவிட்டு, எழுதப் போகாமல் வீட்டில் இருந்தேன். ஒரு தடவை ஜுரம். இன்னொரு தடவை ஜுரம்கூட இல்லை. நாற்பத்தாறு வயதில் கணக்குப் பார்த்தபோது இரண்டே வாய்ப்புகள் மிச்சம் இருந்தன. அந்த வருடம் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒன்று.

எனக்குச் சோம்பேறி என்ற பேர் கிடையாது. காலை நாலரைக்கு எழுந்து சமையல் முடித்து, மூன்று டப்பா கட்டி, ஏழே முக்காலுக்கு செம்பூர் ஸ்டேஷனில் நிற்பவளை யார் அப்படிச் சொல்வார்கள்? படிப்பு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான்கு நிறப் பேனாவில் டைம்டேபிள் போடுவேன். அதைப் போடுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆரம்பிக்க நல்ல நாள் பார்ப்பேன். செவ்வாய் வேண்டாம், அஷ்டமி வேண்டாம், நவமி வேண்டாம். ஒரு வருடம் சரஸ்வதி பூஜைக்குக் கைடைப் பூஜையில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் அதைத் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போதுதான் எடுத்தேன், சந்தனப் பொட்டோடு.

அந்தச் சமயத்தில்தான் அவள் எங்கள் செக்‌ஷனுக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூலில் ஏழாவது வரை படித்து, பிறகு எப்படியோ முட்டி மோதி பி.காம். முடித்து, ப்யூனாகச் சேர்ந்து க்ளார்க் ஆனவள். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாள். நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள், எனக்கென்று தனி மேஜையும் டேபிள் லைட்டும் பத்து வயதிலிருந்தே உண்டு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவள் மேல் எனக்கு வந்த பொறாமைக்கு இந்த மேஜைதான் அடிவேர்.

அவள் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னது கணபதி பண்டிகைக்கு முந்தின வாரம். காண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"நானும் ஒரு கை பாத்துரலாம்னு நெனைக்கேன்க்கா. உங்ககிட்ட பழைய கைடு ஏதும் கெடக்கா?"

"இருக்கு. நாளைக்கே கொண்டு வரேன்," என்றேன்.

மூன்றாவது கைடை, புது அட்டை போட்டதைத் தூக்கிக் கொடுத்தேன். செக்‌ஷனில் எல்லோரும் பார்த்தார்கள். எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். அவள் படிக்கமாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்ததால்தான் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள், வீட்டில் மாமனார், தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். எனக்கே முடியவில்லை, இவளுக்கு எங்கே முடியும் என்பது என் கணக்கு.

தசரா முடிந்த திங்கட்கிழமை, வழக்கமாக என்னோடு பிளாட்பாரத்தில் நிற்பவளைக் காணவில்லை. லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஆபீஸ் இருக்கும் வி.டி.க்குப் போகும் ரயில் வந்து நின்றது. லேடீஸ் பெட்டியில் முண்டியடித்து ஏறினால், உள்ளே ஜன்னல் ஓரத்தில் காற்று வாங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் கைடு.

எங்கள் ரயில் ஓடும் ஹார்பர் லைனில் இது ஒரு வழக்கம். செம்பூரில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் சிலர் முன்னதாகவே வந்து எதிர்ப் பக்கம் போகும் வண்டியில் ஏறி வாஷி வரை போவார்கள். வாஷியில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். வண்டி அப்படியே திரும்பி வி.டி.க்குக் கிளம்பும். இறங்காமல் இருப்பவர்களுக்குப் பிடித்த இடம் கிடைக்கும். ரிட்டர்ன் வருவது என்று சொல்வோம். அங்கிருந்து வி.டி. வரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் யாரும் எழுப்ப முடியாது.

"நீங்களும் வாங்கக்கா. முக்கா மணி முன்ன வீட்ட விட்டுக் கெளம்புனா போதும். ஆனா பாஸ மட்டும்..." என்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. கைடில் எத்தனை பக்கம் தாண்டியிருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அத்தியாயம்.

"வரேண்டி. திங்கட்கிழமைலேந்து வரேன்," என்றேன். அன்றைக்கே திங்கட்கிழமை.

அடுத்த இரண்டு வாரம் அவள் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தாள், நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். சுற்றிலும் கூட்டம். பஜனை பாடும் கும்பல் ஒன்று, கம்மல் விற்பவள் ஒருத்தி, இடத்துக்குச் சண்டை போடும் நான்கு பேர். அவள் தலை நிமிராமல் படிப்பாள். எனக்குப் படிக்க வேண்டுமென்றால் ஃபேன் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. எப்படியடி முடிகிறது என்று கேட்டேன். "எங்க வீட்டுல ஆறு பேரு, ஒரே ரூமு. கீழ மெஷின் ஓடும். இது என்ன சத்தம்," என்றாள். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்த ஒரே ரூம்கூட எனக்குக் கிடைக்காத சலுகை மாதிரிதான் தோன்றியது.

அந்த நாட்களில் எனக்குக் குதிகால் வலி. காலையில் காலைத் தரையில் ஊன்றினால் ஆணி குத்துவது போலிருக்கும். ரயிலில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அவள் அதைக் கவனித்துவிட்டாள். எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, அதே இருக்கையின் ஓரத்தில் ஃபோர்த் சீட்டில் ஒட்டிக்கொண்டாள். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக உட்காருபவருக்கு அரைத் தொடைதான் இடம். மறுநாளும் அப்படியே. பிறகு அது ஏற்பாடாகவே ஆகிவிட்டது. வாஷியிலிருந்து செம்பூர் வரை அவள் இடம், செம்பூரிலிருந்து வி.டி. வரை என் இடம்.

நான் சும்மா உட்கார்ந்து வந்திருக்கலாம். அந்த இடத்தில் நானே என் இரண்டாவது கைடை விரித்துப் படித்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பேசிக்கொண்டே வந்தேன். பையனுடைய காலேஜ், மாமியாருடைய கண் ஆபரேஷன், மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கிற விலை, எதையாவது. அவள் கைடை மூடி, படித்த பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு "ஆமாக்கா", "அப்படியாக்கா" என்று கேட்பாள். அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். எப்போதாவது பேச்சு ஓய்ந்தால் அவள் மெல்லப் புத்தகத்தைத் திறக்கப் பார்ப்பாள். உடனே எனக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துவிடும்.

தெரிந்தேதான் செய்தேன். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. நான் படிக்கவில்லை, அவளும் படிக்கக்கூடாது. இவ்வளவுதான். வி.டி.யில் இறங்கும்போது இன்றைக்கும் அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் அன்று முழுக்க வேலை நன்றாக ஓடும்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, ரயில் வந்தது. ஜன்னலில் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். ஒற்றைக் காலில் வி.டி. வரை நின்றுகொண்டு போனேன். ஆபீசில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

"என்னடி, வேற டிரெயினா?"

"அதே வண்டிதாங்க்கா. முன்னாடி இருக்க லேடீஸ் பெட்டியில ஏறுதேன். பரீட்சைக்கு ஏழு வாரந்தானே கெடக்கு. முடிஞ்ச ஒடனே நம்ம பெட்டிக்கே வந்துருதேன். தப்பா நெனச்சுக்கிடாதீங்க."

"எதுக்குத் தப்பா நெனைச்சுக்கப் போறேன்? நன்னா படி."

அன்று மதியம் நான் அவள் டப்பாவிலிருந்து வழக்கமான ஒரு கரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்றேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. என் கைடு, என் பரீட்சை, நான் சொல்லித்தான் அப்படி ஒரு பரீட்சை இருப்பதே அவளுக்குத் தெரியும். இன்றைக்கு என்னைத் தொந்தரவு என்று ஒதுக்கிவிட்டு முன் பெட்டிக்குப் போகிறாள்.

அந்தக் கோபம்தான் என்னைக் கிளப்பியது. பதினைந்து வருடமாக நல்ல நாளும் டைம்டேபிளும் செய்யாததை அது ஒரே ராத்திரியில் செய்தது. மறுநாள், செவ்வாய்க்கிழமை, அஷ்டமி வேறு. நான் எதையும் பார்க்கவில்லை. ஏழு மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்து, அவள் கண்ணில் படாமல் பின் பெட்டியில் ஏறினேன். வாஷியில் எல்லோரும் இறங்க, ஜன்னல் ஓரம் என்னுடையதாயிற்று. கைடை விரித்தேன். இரண்டாவது அத்தியாயத்தின் முதல் பாராவைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள் டிக்கெட் பரிசோதிக்கும் டி.சி. பாஸைக் காட்டினேன். அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது செம்பூரிலிருந்து வி.டி.க்கு. நீங்கள் உட்கார்ந்திருப்பது வாஷியில்," என்று இந்தியில் சொன்னாள்.

அப்போதுதான் அவள் அன்றைக்குப் "பாஸ மட்டும்" என்று ஆரம்பித்தது நினைவுக்கு வந்தது. பாஸை வாஷி வரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்திருக்கிறாள். நான்தான் பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தேனே. முப்பது பெண்கள் பார்க்க டி.சி. என்னை இறக்கி பிளாட்பாரத்தின் முன் கோடி வரை கூட்டிக்கொண்டு போய் நிற்கவைத்து ரசீது எழுதினாள். அபராதம் கட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. முன் பெட்டி என்னைத் தாண்டும்போது அதன் ஜன்னல் எனக்குத் தெரிந்தது. அவள் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. பார்த்திருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்திருப்பாள், அப்படிப்பட்டவள். அவள் பார்க்காமல் போனதும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அன்று சாயங்காலமே பாஸை மாற்றினேன். மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல் ரிட்டர்ன் வந்தேன். முதல் வாரம் ரயில் சத்தத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. அப்போதெல்லாம் முன் பெட்டியை நினைத்துக்கொள்வேன். இந்நேரம் அவள் நாலு பக்கம் திருப்பியிருப்பாள் என்று தோன்றும், கண் தானாக வரிக்குப் போய்விடும். லட்சியம், முன்னேற்றம் என்றெல்லாம் பேசுகிறார்களே, அதெல்லாம் என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது அந்த எரிச்சல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு ஏழு வாரத்தில் ஒன்பது அத்தியாயம் முடித்தேன். மொத்தம் பதினான்கு.

பரீட்சை எழுதினேன். அந்த வாசலைத் தாண்டியதே என் வாழ்க்கையில் முதல் தடவை. முடிவு வந்தபோது அவள் பேர் பட்டியலில் இருந்தது, என் பேர் இல்லை. கொஞ்ச மார்க்கில் போயிருந்தது. எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவளை வாஷி கிளைக்கு ஆபீசராகப் போட்டார்கள். கடைசி நாள் கைடைத் திருப்பிக் கொடுத்தாள். பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, மேலே ஒரு பாக்கெட் பேடாவும் வைத்து.

"இன்னும் ஒரு தடவ இருக்குல்லக்கா உங்களுக்கு. இதுலயே படிங்க. முக்கியமானதெல்லாம் கோடு போட்டு வச்சிருக்கேன்."

பேடா இனித்ததாக ஞாபகமில்லை. கைடை அன்றைக்கு ரயிலில்தான் புரட்டினேன். முதல் அத்தியாயத்தில் என் பென்சில் கோடு. அதற்கப்புறம் நீல மை, அவளுடையது. பக்கத்தின் ஓரத்தில் சில இடங்களில் பொடி எழுத்தில் தமிழில் ஏதோ எழுதியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஸ்டேஷன் பேர்கள். தினமும் எங்கே படிப்பை நிறுத்தினாளோ அந்த ஸ்டேஷனின் பேரை அந்த வரிக்கு நேராக எழுதியிருக்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் காட்டன் கிரீன், மஸ்ஜித், மஸ்ஜித், சாண்டர்ஸ்ட் ரோடு, எல்லாம் வி.டி.க்குக் கிட்ட வருபவை. ஒரு மஸ்ஜித்துக்கும் அடுத்த மஸ்ஜித்துக்கும் நடுவில் ஆறேழு பக்கம்.

ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு பக்கத்தில் செம்பூர் என்று இருந்தது. ஒன்றரைப் பக்கம் தள்ளி மறுபடியும் செம்பூர். அதற்கப்புறம் இன்னொரு செம்பூர். விரலை வைத்து எண்ணினேன். முப்பத்தெட்டு செம்பூர். நடுவில் வேறு ஒரு ஸ்டேஷன் பேர்கூட இல்லை. முப்பத்தெட்டாவதுக்குப் பிறகு ஒரு மஸ்ஜித், அதற்கப்புறம் கடைசிப் பக்கம் வரை மஸ்ஜித்தும் வி.டி.யும்.

நான் பேசித்தான் அவளைக் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சுக்கு முன்பே, எழுந்து இடம் கொடுத்த அந்த நிமிடத்திலேயே அவள் படிப்பு நின்றுவிட்டிருக்கிறது. அரைத் தொடையில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தலையணை கைடை எப்படி விரிக்க முடியும்? அவள் விரல் வைத்திருந்த பக்கம் என் பேச்சைக் கேட்க மூடியதில்லை, எனக்கு இடம் கொடுத்தபோதே மூடியது.

அன்று அவளுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"ஏண்டி, என்கிட்ட சொல்லியிருக்கலாமோன்னோ?"

"எதையக்கா?"

"செம்பூர."

சிரித்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே வந்துருப்பீங்க. அத வேற பாத்துக்கிட்டு எனக்கு எங்க படிப்பு ஏறப் போவுது?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போன் போட்டேன். கேட்கவில்லை. போனை வைத்ததும் முதலில் வந்தது வெட்கம். அதன் பின்னாலேயே பொறாமையும் வந்து உட்கார்ந்துகொண்டது. பரீட்சையில்தான் ஜெயித்தாள் என்றால் பரவாயில்லை, அந்த மனசும் அவளுக்கே இருக்க வேண்டுமா என்று இருந்தது. அதற்குக் கைடு கிடையாது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. அடுத்த மாதம் பரீட்சை, இதுதான் கடைசி. தினமும் காலையில் அவளும் நானும் செம்பூரில் ஒரே வண்டியில் ஏறுகிறோம். அவள் வாஷியில் ஆபீசுக்கு இறங்குகிறாள், நான் இறங்காமல் இடம் பிடிக்கிறேன். "படிங்கக்கா, வாரேன்," என்று தோளில் தட்டிவிட்டுப் போவாள். கழுத்தில் ஆபீசர் அட்டை தொங்கும். அதை நான் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வேன், முடிவதில்லை. வண்டி கிளம்பியதும் கைடை விரிப்பேன். அவளுடைய நீல மைக்குப் பக்கத்தில் என் பென்சிலால் நானும் ஸ்டேஷன் பேர் எழுதி வருகிறேன். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். இதுவரை எல்லாமே மஸ்ஜித், வி.டி.

நேற்று செம்பூரில் ஒரு பெண் ஏறினாள். அறுபது வயது இருக்கும், யாரென்று தெரியாது. என் எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்து இடது காலின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு மாற்றினாள். எனக்கு அது என்ன வலி என்று தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி, இது கடைசி வாய்ப்பு, இந்த அம்மாளுக்கு இடம் கொடுக்க இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். திலக் நகர் போயிற்று. அந்தக் காலைப் பார்க்காமல் இருக்கப் பக்கத்தை முகத்தருகே தூக்கிப் பிடித்தேன். ஒரே வரியை நான்கு தடவை படித்தேன்.

குர்லாவில் எழுந்துவிட்டேன். அந்த அம்மாள் உட்கார்ந்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நான் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஆடுகிற வண்டியில் பென்சிலை எடுத்து அந்த வரிக்கு நேராக குர்லா என்று எழுதினேன். அவள் முப்பத்தெட்டு நாளும் செம்பூரிலேயே எழுந்தவள். நான் அதிலும் இரண்டு ஸ்டேஷன் தாமதம்.